தகுதியும் நீதியும்: ஊராட்சியில் பெண்கள் பங்கேற்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உள்ளாட்சிப் பொறுப்பை ஏற்போர் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எது தகுதி, அதனை வரையறுப்பவர் யார் என்பவையே வினாக்கள். ஊராட்சிகளில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வழங்கப்பட்ட காலந்தொட்டு, 'தகுதி வளர்ந்த பின்னர்ப் பதவி தரலாம்' என்னும் வாதம் எழுப்பப்பட்டு வருகிறது. இவ்வாதம் அறத்தின்பாற்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருவகைத் தகுதிகள்

முதலாம் பராந்தகனின் கி.பி. 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைக்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக்கல்வி ஆகியன வேண்டப்பட்டன. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

முன்னவை ஒருவர் பெற்றிருப்பனவற்றைப் பற்றியவை. பின்னது நடத்தையைப் பற்றியது. வேதக்கல்வியின் வாயில் பெண்களுக்கும் பிற குலத்தார்க்கும் அடைக்கப்பட்டிருந்தது. கணக்குக் காட்டும் நேர்மையோ எவரும் தம் செயலால் காத்துக்கொள்ளக் கூடியது. பெறும் வழியை அடைத்துவிட்டுப் பெறவில்லை என விலக்குவது, இழைத்தவரின் குற்றத்தை இழந்தவரின் குறையாக மாற்றுவதாகும்.

இக்காலச் சட்டங்கள்

கர்நாடகம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாவட்ட, மண்டல ஊராட்சிகளில் பெண்களுக்கு 25 விழுக்காடு இடங்களை ஒதுக்கி, 1987இல் தேர்தல் நடத்தியது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கை நாடெங்கும் உறுதிசெய்தது. கர்நாடகம் 2010இலும் தமிழகம் 2016இலும் அதனைப் பாதியாக உயர்த்தின.

இப்போக்கிற்கு மாறாக, 2015இல் அரியானா அரசு ஊராட்சி வேட்பாளர்க்குப் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பும் பெண்களுக்கு எட்டாம் வகுப்பும் விதிக்கப்பட்டன. நன்மை தீமைகளைப் பகுத்துணரும் ஆற்றலைக் கல்வியே தருகிறது எனக் கருதிய உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு டிசம்பரில் அதனை ஏற்றது. இராசசுதானில் கொண்டுவரப்பட்ட இத்தகைய விதி 2019இல் நீக்கப்பட்டது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு இல்லாத கல்வித் தகுதி ஊராட்சி உறுப்பினர்க்கு மட்டும் வேண்டப்பட்டது ஈண்டு எண்ணத்தக்கது.

கல்வியும் கேள்வியும்

கல்வியின் சிறப்பை வள்ளுவரினும் வலியுறுத்தியவர் அரியர். கல்லாமையையும் அவர் கடிந்துரைக்கிறார். எனினும் 'கல்லாமை' அதிகாரத்தை அடுத்துக் 'கேள்வி' அதிகாரத்தை அமைத்து, கல்லாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என வழிகாட்டுகிறார். பகுத்துணர்வுக்குப் பள்ளி ஒன்றே வாயில் அன்று என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும்.

மேற்கு வங்கத்திலும் இராசசுதானிலும் இராகவேந்திர சட்டோபாத்தியாய், எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் நிகழ்த்தி 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. பெண் தலைவர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், பெண்கள் முன்வைத்த தேவைகளுக்கு, குறிப்பாகக் குடிநீருக்கு, கூடுதல் முதலீடு செய்யப்பட்டதை அவர்கள் கண்டறிந்தனர். தண்ணீர் சுமப்பவர் அறிந்த ஊர்த்தேவை எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை.

பதிலி ஆட்சி

பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து ஆள்வதைச் சுட்டி, இடஒதுக்கீடே பயனற்றது என்பார் உளர். பதிலி ஆட்சி உண்மையே. ஆனால் அது அவளது தகுதியின்மைக்குச் சான்றன்று. அவள் உரிமையைப் பிறர் கவர்ந்ததற்கே சான்று. கணக்குக் காட்டாதவர் உறவினர்வழி மீண்டும் நுழைவதை உத்திரமேரூர் விதி தடுத்தது. உறவு, பொறுப்பிலிருந்து தப்பும் வழியாகக் கூடாது என்னும் அந்நெறி இன்றும் பொருந்தும். ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023இல் அமைத்த குழு, பதிலி ஆட்சிக்குக் கடுந்தண்டனை வேண்டும் என 2025இல் பரிந்துரைத்தது இத்திசையில் அமைந்ததே. எனினும் தண்டனை, இடத்தைக் கவர்ந்தவர்மீது விழ வேண்டுமேயன்றிப் பதவியிழப்பாகப் பெண்மீது விழலாகாது.

முடிவுரை

பெறும் வாய்ப்பு அனைவர்க்கும் திறந்திருந்தால் மட்டுமே ஒரு தகுதி நீதியுடையதாகும். நேர்மை, கணக்குக் காட்டல், மக்களுக்குச் செவிசாய்த்தல் ஆகியவற்றை இருபாலாரிடமும் ஒருசேர வேண்டுவது அறம். மறுக்கப்பட்ட கல்வியைக் காட்டிப் பெண்ணை விலக்குவது பழைய அநீதியைப் புதிய சட்டமாக்குவதாகும். கல்லாத தலைவருக்குக் கணக்கேட்டைப் படித்து விளக்கும் கடமை அரசுக்கும் ஊருக்கும் உரியது; அதனை நிறைவேற்றிய பின்னரே அவர்தம் தகுதி குறித்து வினவ நமக்கு உரிமை உண்டு.