ஆறு பாயிண்டு ரத்தம்: யார் கணக்கு?

"மாத்திரையக் குடுத்தா சாக்கடையில போடுறீங்க. பெறவு பிள்ள நோஞ்சானாப் பெறந்துருச்சுன்னு இங்க வந்து அழுவுறீங்க."

1996-ஆம் வருசம் ஒரு பிரசவ வார்டில் என் அக்காவைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை இது. சொன்ன நர்சம்மா கெட்டவர் அல்ல. அத்தனை கட்டிலுக்கும் ஒற்றை ஆளாக ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர். அக்காவுக்கு எட்டாம் மாசத்திலேயே வலி கண்டுவிட்டது. பிள்ளை ஒரு கிலோ எழுநூறு கிராம். அக்காவுக்கு ரத்தம் ஆறு பாயிண்டு. அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. எங்கள் அம்மாச்சி பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றித் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டது.

அக்கா மாத்திரையைச் சாக்கடையில் போட்டது நிஜம். என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் நர்சம்மா சொன்னது சரிதானா? ஒரு பச்சைப் பிள்ளையின் சாவுக்கு அதைப் பெற்றவளே காரணமா? இந்தக் கேள்வியை இத்தனை வருசமாகச் சுமந்து திரிகிறேன். இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரையின் கதை. ராஜபாளையம் 1930களிலிருந்தே நூற்பாலை ஊர். அக்கா ஒரு மில்லில் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே இழை அறுந்ததை முடிய வேண்டும். பஞ்சுத் தூசியில் தலைமுடி நரைத்த மாதிரி வெளியே வருவாள். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டும், வாந்தி வரும், வயிறு கெடும். ஒரு ஷிப்டில் இரண்டு தடவைக்கு மேல் ஒதுங்கப் போனால் சூப்பர்வைசர் கணக்கெடுப்பான். வயிறு தெரிந்தால் நிறுத்திவிடுவான். அதனால் சேலையை இறுக்கிக் கட்டி வயிற்றை மறைத்தாள். மாத்திரையா, கூலியா என்று வந்தபோது அவள் கூலியைத் தேர்ந்தெடுத்தாள். அந்தக் கூலியில்தான் நான் காலேஜுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கர்ப்பிணிக்கு ரத்தம் பதினொன்றுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. வயிற்றுப் பிள்ளை தனக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தாயிடமிருந்தே எடுத்துச் சேர்த்து வைக்கிறது. பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாசத்தில் எடுக்கிறது. பிறந்து ஆறு மாசம் வரைக்கும் அந்தச் சேமிப்பில்தான் ஓட்டுகிறது. தாயிடமே இல்லையென்றால் பிள்ளை முன்கூட்டிப் பிறக்கவும், எடை குறைந்து பிறக்கவும் வாய்ப்பு அதிகம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைவு. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத பிள்ளை உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. சப்பிக் குடிக்கத் தெம்பிருக்காது. சின்னக் கிருமியும் அதைத் தூக்கிவிடும். பெற்றவளுக்கோ பேறுகாலத்தில் போகிற ரத்தத்தைத் தாங்க உடம்பில் மிச்சம் இருக்காது.

இதெல்லாம் மருத்துவம். மருத்துவம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஆறு பாயிண்டு எப்போது ஆரம்பித்தது? கர்ப்பமான எட்டு மாசத்திலா? இல்லை. அக்கா வயசுக்கு வந்த நாளிலிருந்து மாசாமாசம் ரத்தம் போனது. போனதை ஈடுகட்டச் சோறு வரவில்லை. வாரத்துக்கு வாங்கி வளர்த்த ஒரு பசு எங்கள் வீட்டில் நின்றது. பால் பூராவும் விடியக்காலையில் சைக்கிள் கேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடும், பால்கோவா கிண்டுவதற்கு. வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பிதான். கோழி இட்ட முட்டை? அது எனக்கு. "ஆம்பளப் பிள்ள, படிக்கிற பிள்ள" என்று அம்மா என் தட்டில் வைப்பாள். அக்கா அதைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டாள். அந்தப் பிள்ளையின் எடையில் நான் தின்ற முட்டைகளுக்கும் பங்கு உண்டு. காண்டிராக்டரைக் கூண்டில் ஏற்றும்போது நானும் பக்கத்தில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அம்மா எங்களைச் சுமந்தபோதும் இதே கதைதான். நிறைமாசத்தோடு குனிந்து நாற்று நட்டாள். அந்தச் சம்சாரி வீட்டுத் தொழுவத்தில் சினை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறிக்கொண்டிருக்கும். "மாடுன்னா கண்ணுபோல பாத்துக்கிடுவாரு"ன்னு ஊரே சொல்லும். மாட்டின்மேல் அவருக்கிருந்தது பிரியமா? கன்று ஈன்று பால் வற்றிய மாட்டுக்கு என்ன வைத்தார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவருடைய அக்கறை மாட்டின்மேல் இல்லை, பாலின்மேல்.

"பிள்ளைக்காகச் சாப்பிடு" என்று கர்ப்பிணியிடம் சொல்லும்போது நாமும் இதையேதான் சொல்கிறோம். அவள் பிள்ளையைச் சுமக்கிற பாத்திரம். பாத்திரம் ஓட்டையில்லாமல் இருந்தால் போதும். சில தோழர்கள் இதை மறுப்பார்கள்: "எந்தக் காரணத்தைச் சொன்னா என்ன, அவளுக்குச் சோறு கிடைக்குதா இல்லையா? பிள்ளை பேரைச் சொன்னாத்தான் சர்க்கார் காசு ஒதுக்கும்." நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது பதினோராம் நாளுக்குப் பிறகு நடந்தது.

பிள்ளை செத்ததும் அக்காவின் அட்டை மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு ஒருத்தரும் வந்து அவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை தரவில்லை. ஆறு பாயிண்டு அப்படியேதான் இருந்தது. பச்சை உடம்போடு, கட்டிய மாரில் பால் கசிய, இருபதாம் நாள் மில்லுக்குப் போனாள். பிள்ளைதான் இல்லையே, பிறகு இவளுக்கு எதுக்கு மாத்திரை? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான். காரணம் எதுவானால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பிள்ளையைக் காரணமாக வைத்து வந்த சோறு, பிள்ளையோடு போய்விடும்.

அது தாமதமாகவும்தான் வரும். பதிமூன்று வயதில் தொடங்கிய குறையைக் கடைசி சில மாதங்களில் மாத்திரையால் ஈடுகட்டப் பார்க்கிறோம். முடியாதபோது "போடல, தின்னல" என்று அவள்மேல் பழி. ஆகவே பிள்ளை பிழைக்க வேண்டும் என்றாலும்கூட, பிள்ளையை மறந்துவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் சிறுமியாக இருக்கும்போதே, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், பெற்றாலும் பெறாவிட்டாலும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிள்ளை பிரசித்தம். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாள். எடுத்து வளர்த்த பெரியாழ்வாரின் பெயர் ஊருக்கே தெரியும். பெற்றவளைப் பற்றிக் கதையில் பேச்சில்லை. அது புராணம், அதில் பெற்றவள் தேவைப்படாமல் போகலாம். ஆஸ்பத்திரி அட்டையிலும் அப்படிப் போகலாமா?

1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றார். அதன் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், பெண்களை வேலைக்கு வைத்து ஆதாயம் பார்க்கிற முதலாளியும் தப்பிக்க முடியாது என்றார். தாயின் உடம்பை அவளுடைய சொந்தப் பாடாக விடாமல், அதனால் லாபம் அடைகிறவர்களின் கடனாக அவர் மாற்றினார். 1929-இல் அது பம்பாயில் சட்டமானது. 1961-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் அதைப் பெற, முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். காண்டிராக்டரின் நோட்டில்கூடப் பேர் இல்லாத அக்கா 80 நாளை எங்கே போய் நிரூபிப்பாள்? நடவுக்கும் களைக்கும் போகிற அம்மாவுக்கு அந்தச் சட்டமே இல்லை.

நிலைமை மாறவில்லை என்று சொன்னால் பொய். தமிழ்நாட்டில் இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 99-க்கும் மேல். எடை குறைந்த பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அம்மாச்சி சேலையில் கட்டிச் செய்ததை, 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர்கள் செய்து பார்த்தார்கள். பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற முறை. அது இப்போது நம் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. அக்காவின் பிள்ளை இன்றைக்குப் பிறந்திருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம், ரத்தத்தைச் சேர்க்கவில்லை. மணிக்கணக்கில் பிள்ளையை நெஞ்சில் கட்டிச் சூடு கொடுக்க அவள் உடம்பில் சூடு இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. நல்லது. ஆனால் 19 வயசு நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பேற்றுக்குத்தான் என்று விதி. பதினேழில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்கும், மூன்றாவது சுமப்பவளுக்கும்தான் ரத்தம் அதிகம் குறைந்திருக்கும். அவர்களை விதி வெளியே நிறுத்துகிறது. இது உதவியா, நன்னடத்தைக்குப் பரிசா?

சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஊரார் ரத்தத்தைத் துடைக்கத் துணி தருகிற மண் இது. இந்த மண்ணில் உழைக்கிற பெண்ணின் ரத்தம் எத்தனை பாயிண்டு என்று நம் இயக்கங்கள் எப்போதாவது கேட்டிருக்கின்றனவா? நிலம் கேட்டோம், கூலி கேட்டோம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டோம். கர்ப்பமாகாத, பெறாத, பெற்று முடித்த பெண்ணுக்கும் சத்தான சோறும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று கேட்கவில்லை. தினக்கூலிக்காரிக்குச் சம்பளத்தோடு பேறுகால ஓய்வு வேண்டும் என்றும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பிறகு ஒரு மகள் பிறந்தாள். போன மாசம் அந்த மகள் முழுகாமல் தாய் வீடு வந்திருந்தாள். அக்கா இரண்டு முட்டையை அவித்து அவள் தட்டில் வைத்தாள். "நல்லாச் சாப்புடு தாயி, பிள்ளைக்கு நல்லது" என்று சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளைக்கு இருக்கட்டுன்டா. அவளுக்குப் பசிக்குது, அவ திங்கட்டும்."