அரை நாள் திருகோணமலை

கப்பலில் ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் கேட்பவர் மனம் நேரே வெனிஸுக்கோ சாண்டோரினிக்கோ போய்விடுகிறது. வெள்ளைச் சுவர், நீலக் கடல். நமக்கு வாய்த்தது வங்காள விரிகுடா. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட்டார்கள்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, பிறகு வீடு. பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் கடற்கரை. சாலையைத் தாண்டினால் துறைமுகம். மீனம்பாக்கம் போகாமலே வெளிநாடு போகலாம் என்பது கொஞ்ச நாள் எனக்கு நம்ப முடியாததாகவே இருந்தது.

*

கப்பலின் பெயர் எம்ப்ரஸ். 1990இல் பிரான்சில் கட்டியது. கரீபியனில் ஓடி, நடுவில் சில ஆண்டுகள் ஒரு ஸ்பெயின் நிறுவனத்திடம் இருந்து, கடைசியில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. இருநூறு மீட்டருக்கு மேல் நீளம். இரவில் மேல்தளத்தில் குத்துப்பாட்டு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. இருட்டு, அதில் நம் விளக்குகள் விழுந்து உடையும் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான்.

ராஜுலாவை நினைத்துக்கொண்டேன். 1926இல் வந்த நீராவிக் கப்பல். 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் இதே கரையிலிருந்துதான் ஏறினார்கள். பினாங்கு அவர்களுக்குப் பிழைப்பு. எனக்குத் திருகோணமலை அரை நாள். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

*

கப்பல் பயணி ஊரைப் பார்ப்பதில்லை, தொட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஒரு குறை எப்போதும் உண்டு. வெனிஸில் இது பெரிய சண்டையாகி, 2021 ஆகஸ்டில் இத்தாலி அரசு பெரிய கப்பல்களை நகரத்து முகப்பிலிருந்தே விலக்கிவைத்தது. குறை நியாயமானதுதான். ஆனால் நெடுநாள் தங்கியவர்கள் எல்லோரும் ஊரைப் பார்த்துவிட்டார்களா என்ற கேள்வி திருகோணமலைக் கோட்டை வாசலிலேயே எழுந்துவிட்டது.

போர்த்துக்கீசியர் 1622இல் இங்கிருந்த கோணேசுவரம் கோவிலை இடித்தார்கள். இடித்த கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். அவர்களிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். கோட்டைக்கு ஃபிரடெரிக் என்று பெயர் வைத்தது ஆங்கிலேயர். வாசல் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் சின்னம். பக்கத்திலேயே தமிழ்க் கல்வெட்டின் துண்டு ஒன்று. விரலை வைத்துப் பார்த்தேன். மீனின் விளிம்பு மழுங்கியிருந்தது, வெயிலில் கல் சுட்டது. கோவில் கல் என்று தெரிந்தே காவல் வாசலில் பதித்தார்களா, கைக்கு வந்த கல்லை வைத்தார்களா? இத்தனை கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கியவர்களை ஊரைப் பார்க்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது. அளந்து பார்த்திருப்பார்கள். கனம் பார்த்திருப்பார்கள்.

உள்ளே இன்றும் ராணுவம் இருக்கிறது. புள்ளிமான்கள் சாலையோரம் நின்று, வருபவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கின்றன.

*

சம்பந்தர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. ராமேசுவரத்தில் நின்றபடி, கடலுக்கு அப்பால் இருந்த திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைத்துப் பாடினார் என்கிறது பெரிய புராணம். அந்தப் பதிகத்தில் கடல் இரைகிறது, கரையில் முத்து ஒதுங்குகிறது. கோணேசுவரம் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்றால் அடியில் அதே இரைச்சல். முத்துதான் இல்லை, தண்ணீர் பாட்டில் மூடிகள் ஒதுங்கிக் கிடந்தன.

மயிலாப்பூரில் பூம்பாவைக்காகப் பாடியவரும் அவரே. அங்கேயும் கடல், அங்கேயும் பறங்கியர். கபாலீசுவரர் கோவில் முன்பு கரையோரத்தில் இருந்தது என்பதற்கு அருணகிரிநாதர் பாட்டே சாட்சி. அதைக் கடல் கொண்டதா, சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியர் இடித்தார்களா என்பதில் இருவேறு பேச்சு உண்டு. சாந்தோம் தேவாலய வளாகத்தில் பழைய கோவிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இப்போது நாம் சுற்றிவரும் குளமும் கோபுரமும் கடலை விட்டுத் தள்ளி வந்து பிறகு கட்டியவை. பல வருடம் அந்த மாட வீதிகளில் காய்கறி வாங்கியிருக்கிறேன். மயிலாப்பூர் ஒரு துறைமுகமாக இருந்தது என்பது இங்கே, இன்னொரு நாட்டுப் பாறையின் மேல் நின்றபோதுதான் உறைத்தது.

*

இன்றைய கோணேசுவரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பாறையின் மேல் கோவில் இல்லை. ஆனாலும் ஆங்கிலேயர் காலத்தில் அர்ச்சகர்கள் ஏறி வந்திருக்கிறார்கள். பாறை விளிம்பில் நின்று தேங்காய் உடைத்து, பூவையும் பழத்தையும் கடலில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் கடலுக்குள்ளேதான் மூழ்கிக் கோவில் தூண்களைப் பார்த்தார்கள். மேலே இருந்தவர்கள் சரியான இடத்தில்தான் பூவைப் போட்டிருக்கிறார்கள்.

புதுக் கோவில் வண்ணம் பூசிப் பளிச்சென்று இருக்கிறது. அழகு என்று சொல்லமாட்டேன். கும்பிட்டேன். பிறகு ராவணன் வெட்டுப் பக்கம் போய், பாறைப் பிளவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே நீர் ஏறி இறங்கும்போது பிளவுக்குள் காற்று அடைபட்டு ஒரு நொடி தாமதித்துத்தான் சத்தம் வருகிறது. செல்பேசியில் பதிவு செய்தால் அந்தத் தாமதம் தெரியவில்லை.

*

துறைமுகத்தைப் பற்றி இரண்டு வரி. மலைகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம். ஆங்கிலேயக் கடற்படை அதற்காகவே இந்த ஊரை விடாமல் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அதே ஏப்ரலில்தான் மதராஸ் பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது.

*

கோட்டைக்கு வெளியே ஒரு சின்னக் கடை. வெயில் தாங்காமல் உட்கார்ந்தேன்.

“இந்தியாவோ? கப்பலில வந்தனீங்களோ?”

“ஆமாங்கய்யா. சென்னை.”

“எவ்வளவு நேரம் நிப்பீங்கள்?”

சொன்னேன். சிரித்தார். “அப்ப தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ.” பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். சண்டைக் காலத்தில் அவருடைய அக்கா குடும்பம் வளசரவாக்கத்தில் இருந்ததாம். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. ஆனால் பாண்டி பஜாரில் எந்தப் பக்கம் நிழல், உஸ்மான் ரோட்டில் எந்தத் திருப்பத்தில் பூக்காரர்கள் என்பதெல்லாம் வரிசையாகச் சொன்னார். எல்லாம் அக்கா தொலைபேசியில் சொன்னது. பாதி எனக்கே தெரியாது.

“ரங்கநாதன் தெருவில இப்பவும் கால் வைக்க இடமில்லையோ?” என்றார். “மாம்பலம் ஸ்டேசனிலயிருந்து பஸ் ஸ்டாண்ட் மட்டும் நடக்கப் பாலம் போட்டாச்சாமே. ஏறிப் பாத்தனீங்களோ?”

இன்னும் ஏறவில்லை என்றேன்.