பெயர் மறைந்தால் பழி மறையுமா?

கொழும்பிலே, பேரை வாவியின் அருகே, உழைக்கும் மக்கள் செறிந்து வாழ்ந்துவரும் பகுதி கொம்பனித்தெரு. தமிழரும் சிங்களவரும் கொம்பனியின் பெயராலேயே அதனை அழைத்து வந்தனர். ஆங்கிலத்தில் மட்டும் அது 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு, எனப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில், பகலெல்லாம் கோட்டையில் உழைத்த ஆபிரிக்க அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட இடம் அது. சுற்றிலும் நீர், நீரிலே முதலைகள் காவலிருந்தன என்பது செவிவழிச் செய்தி.

'கொம்பனி' என்பது ஒல்லாந்தரின் வர்த்தகக் கொம்பனி என்பர் சிலர். ஆங்கிலேயரின் மலாயர் படைப்பிரிவு என்பர் வேறு சிலர். எதுவாயினும் அது ஆளவந்தோரின் சொல்லேயாகும்.

ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரே வழங்கவேண்டுமென 2023இல் அரசு பணித்தது. இழிசொல் நீங்கியமை நன்றே. ஆயினும், அடிமையின் நினைவு அழிய ஆண்டோரின் நினைவு மட்டும் எஞ்சுதல் நீதியாகுமா? இழிவு விலங்கு பூண்டவனுக்கன்று, பூட்டியவனுக்கே உரியதன்றோ?

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ஏழையைத் தன் விருப்பம்போல் அகற்றலாம் என்னும் அதிகார மனப்பான்மை ஒழிந்ததா? அதே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் 2010இல் குடிமனைகள் இடிக்கப்பட்டன. பின்னர் அப்பகுதியெங்கும் வானளாவிய மாடிகள் எழுந்தன; பழங்குடியிருப்பாளர் பலர் பெயர்ந்து சென்றனர்.

பெயர்ப்பலகையைத் திருத்துதல் எளிது. அங்கு வாழும் மனிதனை மதித்தலே அரிது. அதுவரை, நம் மாணவர்க்கு இரு பெயர்களையும் சொல்லிக்கொடுப்போமாக.