எந்த நான்?

அம்மாவுக்கு மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அப்பாவை மறந்துவிட்டாள். என்னை ‘டீச்சர்’ என்கிறாள். ஆனால் வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட எட்டாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டுப் பெயரைச் சொல்லி அழைத்தால், ‘உள்ளேன் ஐயா’ என்று நிமிர்ந்து உட்காருகிறாள்.

நினைவின் தொடர்ச்சிதான் ஒருவரை அதே ஆளாக்குகிறது என்று 1694இல் ஜான் லாக் வாதிட்டார். காரைக்கால் அம்மையார் பாடம் நடத்தும்போது இதைச் சொல்வேன். கணவனுக்காகச் சுமந்த வனப்பை உதறிப் பேயுரு ஏற்ற புனிதவதி, பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும் என்று இறைவனிடம் கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். உடல் போகலாம், நினைவு போகக் கூடாது. அம்மையாரோ தம் பாடல்களில் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொள்கிறார். வணிகன் மனைவி அங்கே இல்லை. எந்த ‘நான்’ எஞ்ச வேண்டும் என்பதை அவர் தாமே தேர்ந்தார்.

அம்மாவுக்கு அந்தத் தேர்வு வாய்க்கவில்லை. லாக்கின் அளவுகோல்படி, என்னைப் பெற்றவள் இவளல்ல. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊசியைக் கண்டதும் என் கையைப் பற்றுகிறாளே, அந்தப் பயம் யாருடையது? நினைவு அறுந்த பிறகும் பயப்பட ஒருத்தி இருக்கிறாள்.

இறந்த பின் ‘நான்’ தொடருமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தொடருமென்றால் அவள் என் அம்மாவாகவே தொடர வேண்டுமென மனம் அடித்துக்கொள்கிறது. ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவளிடம் இன்னும் கேட்கிறேன்.

அந்தச் சிறுமிக்கு என்னைத் தெரியாது. இருந்தும் தினமும் காலையில் அவள் பெயரைத்தான் அழைக்கிறேன்.