எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது?

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். மல்லாந்து படுத்தால் அதற்கும் முன்னதாக. வலப்பக்கம் திரும்பி, முழங்கால்களை மடக்கிச் சுருண்டுகொண்டால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தொப்புளுக்கு வலப்புறம் சற்றுக் கீழே, இரண்டு விரலால் மூடிவிடக்கூடிய இடம். ஒன்பது ஆண்டுகளாக என் வயிற்றின் நிலவரம் இது. பகலில் வகுப்பில் நின்று மெய்ப்பாட்டியல் நடத்தும்போது அது இருப்பதே தெரியாது.

மூன்று அல்ட்ராசவுண்ட், ஒரு சி.டி. ஸ்கேன், ஓர் எண்டோஸ்கோப்பி. எல்லாம் ‘நார்மல்’. கடைசி அறிக்கையைப் புரட்டிய மருத்துவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: “ஒண்ணுமில்ல சார். மேடம் கொஞ்சம் அதிகமா யோசிக்கிறாங்க.” யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: காரணம் கண்டுபிடிக்கப்படாத வலி வலியாகாதா?

தமிழில் மிகப் புகழ்பெற்ற வயிற்றுவலி ஓர் ஆணுடையது. 7ஆம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசரின் சூலைநோய். பெரியபுராணத்தில் சமணத் துறவிகள் தங்களுக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் செய்து பார்த்துக் கைவிடுகிறார்கள். அவர் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுகிறார். அவர் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். பல ஆண்டுகள் இதைப் பாடம் நடத்திய எனக்கு அண்மையில்தான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் யாருமே ‘உனக்கு உண்மையாகவே வலிக்கிறதா’ என்று கேட்பதில்லை. தீர்க்க முடியாதவர்களும் நம்பினார்கள். வலித்தது திலகவதியாருக்கு என்றால் அவர் யாரிடம் போயிருப்பார்?

பெண் சொல்லும் வயிற்றுவலி ஏன் நம்பப்படுவதில்லை என்பதற்கு அந்தச் சொல்லிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மாதவிடாய் என்று சொல்லாதே, வயிற்றுவலி என்று சொல் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஆண் ஆசிரியரிடம் விடுப்புக் கேட்க, கோயிலுக்குப் போகாமலிருக்க, விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். உண்மையைச் சொல்ல விடாமல் ஒரு சாக்கைக் கையில் கொடுத்தவர்களே, பிறகு அதைச் சாக்கு என்று சிரித்தார்கள். இன்று வயிறுதான் வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வேறு சொல் இல்லை.

படுக்கையும் அப்படியே. “பொட்டப்புள்ள மல்லாக்கப் படுக்காத, குப்புறப் படுக்காத” என்பார் பாட்டி. கால்களைச் சேர்த்து, பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டும். நான் எப்படித் தூங்குகிறேன் என்பதை ஒரு வீடே கண்காணித்தது. என் தூக்கம் மட்டுமே நோய்க்குத் தடயமாக இருக்கும் இந்த வயதில், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்று கேட்க ஆளில்லை.

போன வருடம் ஒருவர் கேட்டார். இளம் மருத்துவர். என்னைப் படுக்கவைத்து, அந்த இடத்தில் விரலை அழுத்தியபடியே தலையையும் தோள்களையும் தூக்கச் சொன்னார். “இப்ப வலி கூடுதா, கொறையுதா?” 1926இல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்த சோதனையாம். வயிற்றுத் தசை இறுகும்போதும் வலி குறையாமலிருந்தால், அது உள்ளுறுப்பில் இல்லாமல் வயிற்றுச் சுவரில், அங்கே சிக்கிய ஒரு நரம்பில் இருக்கக்கூடும். எனக்கு விடை தெளிவாகக் கிடைக்கவில்லை. ஒரு நாள் கூடியது, இன்னொரு நாள் குறைந்தது. “எனக்குத் தெரியலம்மா, தொடர்ந்து பாப்போம்” என்றார். நான் அழுதுவிட்டேன். அந்தச் சோதனையில் கருவி எதுவும் இல்லை. அளவு காட்டியது என் வாய்ச்சொல்தான்.

‘தெரியவில்லை’ என்பது மருத்துவரின் அறிவைப் பற்றிய கூற்று. ‘ஒன்றுமில்லை’ என்பது என் உடம்பைப் பற்றிய தீர்ப்பு. முன்னதைச் சொல்லப் பணிவு போதும். பின்னதைச் சொல்ல என் வயிறு அவரிடம் இருந்திருக்க வேண்டும். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் சேர்த்தது. ஆளுக்காள் நம்பினால் பொய் சொல்பவர்களும் இருப்பார்களே என்று கேட்கலாம். இருப்பார்கள். பொய்யை நம்பினால் நமக்கு ஒரு மணி நேரம் நட்டம். மெய்யை மறுத்தால் ஒருத்தி தன் உடம்பையே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். நான் தொடங்கியிருந்தேன்.

இதை எழுத எனக்கு முழுத் தகுதி இல்லை. மூன்று வருடங்களுக்கு முன், உள்தேர்வு நாளில், இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குப் போகட்டுமா என்றாள். “மறுபடியுமா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அன்று இரவும் மூன்று மணிக்கு நான் விழித்திருந்தேன். அவள் நினைவு வரவில்லை.

இப்போது யார் வந்து சொன்னாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்த இடத்துல? எப்படி இருந்தா தேவலை? விடை கிடைத்தால் கேட்டுக்கொள்கிறேன். கிடைக்காவிட்டாலும் போகச் சொல்கிறேன். அந்த மாணவி படித்து முடித்துப் போய்விட்டாள். அவளிடம் மட்டும் கேட்கவே இல்லை.