காரணந் தெரியாத நோவும் வினைக்கொள்கையும்

உடம்பெடுத்தார் எவர்க்கும் நோய் உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் நோய்களுள் ஒருவகை உளது; அதனை உடையார் நோயால் வருந்துவதோடு, அந்நோய் தமக்கு உண்டென்று பிறரை நம்புவித்தற்கும் வருந்த வேண்டியவராகின்றனர். மூட்டுக்களிலும் அவற்றைச் சூழ்ந்த தசைநாண்களிலும் திடீரெனத் தோன்றி, ஒரு நாளோ இரு நாளோ நின்று வருத்தி, வந்த சுவடு தெரியாமல் நீங்கிப் பின்னர் வேறொரு மூட்டில் மீண்டும் எழும் நோவே ஈண்டு யாம் கருதியது. இன்று மணிக்கட்டு, நான்கு நாள் கழித்துக் குதிகால், அடுத்த திங்களில் தோள். மருத்துவர் குருதியைச் சோதிப்பர்; எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பர்; ஒன்றும் புலப்படவில்லை என்பர். நோயாளர், 'இஃது எனக்கு ஏன் வந்தது?' என்று வினவுவர். சூழ இருப்பார், 'எல்லாம் வினை' என்று விடையிறுப்பர். இவ்விடை நம் சித்தாந்தத்திற்கு எவ்வளவில் இயைவது என்பதே யாம் ஆராயப் புகுந்தது. ஐயமின்றி இயையும் என்று அன்பர் பலர் கருதுவர். யாம் அத்துணை விரைந்து உடன்படமாட்டேம்.

முதற்கண் நோயின் இயல்பைச் சிறிது காண்பாம். 1944-ஆம் ஆண்டில் பிலிப் ஹெஞ்சு, எட்வர்டு ரோசன்பர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இத்தகைய நோயொன்றனை வகுத்துரைத்து, அதற்குப் 'பாலின்டிரோமிக் ருமாட்டிசம்' என்று பெயரிட்டனர். இவருள் ஹெஞ்சு என்பவர் கார்ட்டிசோன் என்னும் மருந்துபற்றிய ஆராய்ச்சிக்காக 1950-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர். அவ்விருவரும் இட்ட பெயரின் முற்சொல் கிரேக்கம். மீண்டும் ஓடிவருதல் என்பது அதன் பொருள். முன்னின்று படிப்பினும் பின்னின்று படிப்பினும் ஒத்து நிற்கும் செய்யுளையும் மேனாட்டார் அச்சொல்லடியாகவே வழங்குவர். நாம் மாலைமாற்று என்பது அதுவே. திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய திருமாலைமாற்று மூன்றாந் திருமுறையில் உள்ளமை அன்பர் அறிவர். சென்ற எழுத்தே மீளுதல் செய்யுளுக்கு அழகாயிற்று. சென்ற நோவே மீளுதல் உடம்பிற்கு இன்னலாயிற்று. பெயர் பொருந்தியதே. ஆனால் பெயரிடுதல் வேறு, காரணம் உரைத்தல் வேறு. இந்நோயினருள் ஒருசாரார்க்கு அது பின்னர் நீங்கா முடக்குவாதமாக முதிர்கின்றது. ஒருசாரார்க்கு வருவதும் போவதுமாகவே நிற்கின்றது. ஒருசாரார்க்கு ஒழிந்தும் போகின்றது. எவர்க்கு எது நிகழும் என்று முன்னரே துணிந்து கூறுதல் இன்றும் அரிது. இப்பெயருள்ளும் அடங்காது, ஒரு பெயரும் பெறாது வருந்துவோரும் பலர். நம் சித்தமருத்துவ நூலார் இவற்றை வளிநோயுள் அடக்குவர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வளிநோயை 80 என எண்ணும்.

இனி, 'சோதனையில் ஒன்றும் தெரியவில்லை; ஆகவே நோவு மெய்யன்று' என்பாரை நோக்குவாம். இக்கூற்று மருத்துவத்தில் மட்டுமன்றி அளவை நூலிலும் பிழைபட்டது. சிவஞானசித்தியார் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தது. இன்ப துன்பங்கள் அராகம் முதலிய தத்துவங்கள் வாயிலாக ஆன்மாவின் அறிவிற்கு விளங்குதலே தன்வேதனைக் காட்சி. இதன் அருமை, துன்பத்தைக் காட்சி என்னும் அளவையுள்ளேயே வைத்தமையாம். நோவு என்பது நோயாளன் கருதியறிந்த முடிபன்று. பிறர் சொல்லக் கேட்டதும் அன்று. கண் நிறத்தைக் காண்டல்போல அவன் உயிர் அதனைக் கண்டது. பக்கத்தில் இருப்பவர்க்கோ அது காட்சியாகாது. முகவாட்டம், நடைத்தளர்ச்சி முதலிய குறிகளைக் கொண்டு கருதியறிதலே அவர்க்கு உண்டு. கருதலால் அறிபவர் காட்சியால் அறிந்தவரை நோக்கி, 'நீ அறிந்தது பொய்' என்பது அளவை முறைமை தலைகீழாயவாறாம்.

'காணாமையும் ஓர் அளவை அன்றோ?' என்பாரும் உளர். இன்மை என்னும் அளவையைத் தனியாக எண்ணுவாரும் உளர் என்பது மெய்யே. நம்மவர் அதனையும் பிறவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினர். எங்ஙனம் அடக்கினும், காணப்படுதற்குத் தகுதியுடைய பொருள் காணப்படாதவிடத்தே அதன் இன்மை துணியப்படும். ஒளியுள்ள இடத்தில் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை எனலாம்; இருட்டறையில் காணாதவன் அவ்வாறு கூறல் இயலாது. குருதிச் சோதனை குருதியில் உள்ள சில பொருள்களைக் காணத் தகுதியுடைய விளக்கு. நோவு அவ்விளக்கின் எல்லைக்குள் வரும் பொருளன்று. மேனாட்டு நோவாராய்ச்சியாளரும் இவ்வுண்மைக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்துள்ளனர். அவர்தம் பன்னாட்டுக் கழகம், திசுக்களின் சிதைவோ நரம்பின் கேடோ தெளிவாகப் புலப்படாதிருக்க நோவுணர்வு தானே மாறுபட்டு எழும் நோவினை ஒரு தனிவகையாக 2017-இல் ஏற்றுக்கொண்டது. 2020-இல் நோவின் இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோவு உண்டென்று கூறின் அக்கூற்று மதிக்கப்படல் வேண்டும் என்பதனையும் உடன் சேர்த்தது. தன்வேதனை காட்சியே என்று நம் ஆசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அமைத்ததற்கு இது மாறாகாமை காண்க.

நோவு உண்டென்பது துணியப்பட்டது. காரணம் யாது? காரணம் தெரியவில்லை என்பதும் காரணம் இல்லை என்பதும் ஒன்றல்ல. இல்லது தோன்றாது என்னும் சற்காரிய வாதம் உடைய நமக்குக் காரணமின்றி வந்த நோவு என்பதொன்று இல்லை. ஆகவே நோவும் நுகர்ச்சியாதலின் பிராரத்தமே என்பதில் தடையில்லை. ஆயின் 'வினை' என்று கூறியவுடன் ஆராய்ச்சி முடிந்தது என்று கருதுவார் காரணத்தின் வகையை மறந்தவராவர். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். குயவன் வனைந்தான் என்றமையால் சக்கரம் சுழலவில்லை என்றாகாது. அதுபோல வினைப்பயன் வந்தது என்றமையால் வளி பிறழவில்லை, தசைநாண் தடிக்கவில்லை என்றாகாது. வினை தானே சென்று முழங்காலைப் பற்றாது; உடம்பு, உணவு, பருவம், நிலம் என்னும் வாயில்களாலேயே அதன் பயன் இறைவனாற் கூட்டப்பெறும். வினையையும் மருத்துவக் காரணத்தையும் ஒன்றற்கொன்று பகையாக்குதல் பொருந்தாது.

இதற்குச் சேக்கிழார் சுவாமிகள் வாக்கிலேயே சான்று உண்டு. சம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அஃது அந்நிலத்தின் இயல்பு என்பது அங்கே வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. அங்ஙனமிருந்தும் அப்போது அருளிய திருநீலகண்டத் திருப்பதிகம் முன்னை வினை நம்மைத் தீண்டாமையையே பொருளாக உடையது. நிலமும் காரணம், வினையும் காரணம். இரண்டும் ஒருங்கே நின்றன. பிள்ளையார் அவ்வடியாருள் எவரையும் நோக்கி, 'நீர் செய்த பிழை யாது?' என்று வினவிற்றிலர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பிழையே உலகில் மிக்கது. 'துன்பம் வினையால் வருவது. இவனுக்குத் துன்பம் வந்தது. ஆகவே இவன் இன்ன தீமை செய்தவன்' என்பர். பொதுவிதியினின்று பொதுமுடிபே கிடைக்கும். இன்ன வினை, இன்ன பிறவியில், இன்னவாறு செய்தது என்னும் சிறப்பு முடிபிற்கு ஏது யாண்டையது? வினை சடம், தன்னை அறியாது. உயிர் தான் செய்த வினையைத் தானே அறியமாட்டாது. அறியுமாயின் தீவினைப் பயனை நுகர உடன்படுமா? அறிந்து கூட்டுவான் முதல்வன் ஒருவனே என்பது பதியுண்மைக்கே நாம் காட்டும் ஏதுக்களுள் ஒன்று. அவன் ஒருவனே அறிவதனை அடுத்த வீட்டுக்காரனும் அறிவான் என்றால், அவ்வேதுவை நாமே அழித்தவராகின்றோம்!

'திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை வந்த காரணம் கூறப்பட்டதன்றோ? சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணொளி இழந்த காரணமும் கூறப்பட்டதன்றோ?' எனின், ஆம். அவ்விடங்களில் உரையளவை உண்டு. சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவனே திலகவதியார்க்குக் கனவில் உணர்த்தினான். சங்கிலியார் பொருட்டுச் செய்த சூளுறவு தவறிய செய்தி புராணத்திலேயே உளது. நம் அண்டையில் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கும் அன்பரைப் பற்றி யாருக்கும் எக்கனவும் உணர்த்தப்படவில்லை. இன்னும் ஒன்று. சூலையின் காரணத்தை அறிந்திருந்தவர் திலகவதியார் ஒருவரே. அவரோ தம் அடியில் வந்து வீழ்ந்த தம்பியாரை எடுத்துத் திருநீறு தந்து திருக்கோயிலுக்கு உடன்கொண்டு சென்றார். காரணம் அறியாத அமணரே, தம்மால் நீக்க இயலாது என்று கைவிட்டவர்.

அற்றேல், பேறு இழவு இன்பம் பிணி மூப்புச் சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் கூறுதலின், மருந்துண்ணல் வீணாகாதோ எனின், ஆகாது. பிணி அமைந்தது என்றால் அது நீங்கும் காலமும் நீங்கும் வாயிலும் உடன் அமைந்தன அல்லவோ? அவ்வாயில் நாளை வரும் மருத்துவராதல் கூடும்; பத்தாவது மருந்தாதலும் கூடும். பசிப்பிணியும் பிராரத்தமே, அதுபற்றி உண்ணாதிருப்பார் இலர். திருவள்ளுவ தேவர் மருந்தினை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பனவற்றோடு அருகிருந்து துணை செய்வானையும் ஒரு கூறாக வைத்தார். மருந்து புலப்படாத நோயில் அந்நான்காம் கூறே பெரும்பகுதியாகின்றது என்பது எம் கருத்து. 'அவன் வினை, அவன் நுகர்க' என்று அக்கூறு விலகிக்கொள்ளுமாயின், அவ்விலகலே விலகியவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறன் பிராரத்தத்தை எண்ணிக் கொண்டிருந்தவன் தன் ஆகாமியத்தை எண்ண மறந்தான்.

'வினை' என்னும் சொல் யார் வாயில் வருகின்றது என்பதும் கருதத்தக்கது. நோவுடையார் தாமே, 'இஃது என் வினை. இதுவும் அவன் கூட்டியதே' என்பாராயின், அச்சொல் அவர்க்கு ஓர் ஊன்றுகோல். மருத்துவரைச் சினத்தல், உடன்பிறந்தாரை வெறுத்தல், தன்னையே பழித்தல் என்பனவற்றினின்று அது காக்கும். அதே சொல்லை நலமுடைய ஒருவர் எடுத்து அவர்மீது வீசுவாராயின், ஊன்றுகோலே அடிக்கும் தடியாயிற்று. சாத்திரச் சொற்களுள் தன்னை நோக்கிக் கூறற்கே உரியன சில உள. இஃது அவற்றுள் ஒன்று என்று யாம் துணிகின்றோம்.

நோவுடன் வாழ்தலைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. கடுநோவு எழுந்தபோது அறிவு முழுதும் ஒரு விரற்கணுவில் ஒடுங்கிவிடுகின்றது. நூல் ஓடாது, செபம் ஓடாது. அதனை அன்புக்குறை என்று எண்ணுதல் தவறு. அஃது உயிரின் இயல்பு. இருவினையொப்பு என்பதும் நோவை உணராது கல்லாய் இருத்தலன்று. பயன்களில் விருப்பு வெறுப்பின்றி நிற்றலேயாம். நோவு நோவாகவே இருக்கும். யாம் கண்டவரை, நோவுள்ள நாளினும் நோவில்லாத நாளே இவர்க்குப் பெரிய சோதனை. 'எப்போது மீளுமோ' என்னும் அச்சம் நல்ல நாளையும் தின்றுவிடுகின்றது. மீளும் நோவு ஆகந்துகம், வந்தேறியது, நீங்குவது. அச்சமோ நாமே சோறிட்டு வளர்ப்பது. ஒரு முயற்சி வேண்டுமாயின் அது நல்ல நாளில் செய்யற்பாலது: அன்று இயல்வதனை அன்று செய்தல், நாளைய கணுவை இன்றே தடவிப் பாராதிருத்தல். எளிது என்று யாம் கூறவில்லை.

திருமடங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நேற்று அட்டாங்கமாக வீழ்ந்து வணங்கிய அடியார் இன்று நின்றபடி கைகுவிக்கின்றார். நாளை மறுநாள் மீண்டும் வீழ்ந்து வணங்குகின்றார். பார்த்தவர், 'இவர்க்கு வேண்டும்போது நோவு வருகின்றது' என்று நகைக்கின்றனர். வருவதும் போவதுமே அந்நோயின் இலக்கணம் என்று மேலே கூறினேம். என்றும் முடங்கியவர்க்குக் காட்டும் இரக்கம் இடையிடையே முடங்குபவர்க்குக் காட்டப்படுவதில்லை. மலர் கொய்ய விரல் மடங்காத நாளில் ஒருவர் மானத பூசை செய்வாராயின் அதனைக் குறைந்த பூசை என்று கூற நமக்கு உரிமையில்லை. திருநின்றவூரில் பூசலார் மனத்தில் எடுத்த கோயிலுக்கே இறைவன் முதலில் எழுந்தருளினான். நெடுநேரம் அமர இயலாதவர்க்குச் சுவரோரம் ஒரு பலகை இடுதலும், வலம்வர இயலாதவர்க்குத் தூணருகே நிற்க இடம் விடுதலும் பெருஞ்செலவின அல்ல. தண்டியடிகள் கண்ணின்றித் திருவாரூர்க் குளத்தைக் கல்லியபோது, குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அக்கயிற்றைக் கண்டு நகைத்தவரும் அன்று இருந்தனர். பின்னர் அவர்கள் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு நில்லாது, தறியையும் கயிற்றையும் பறித்துக்கொண்டனர்.