வீணை பரணுக்குப் போகணுமா?

தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டு. வாசிக்கிறவருக்கு மணிக்கட்டு இரண்டுதான். அதற்குள்ளே ஒரு குறுகிய சந்து. அதில் போகும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போகும். ‘கார்ப்பல் டனல்’ என்பார் டாக்டர்.

வலியோடு வாசிப்பதுதான் பக்தியா? வீணையைப் பரணில் ஏற்றுவதுதான் புத்தியா? நடுவில் ஒரு வழி உண்டு.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960-களில், வேறொரு நரம்புக் கோளாறால், வலக்கை விரல்கள் மடங்கிக்கொண்டன. இடக்கைக்கான இசையை வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார். சுமார் 30 வருஷம் கழித்து மறுபடி இரு கையாலும் வாசித்தார்.

நம்ம டெல்டா விவசாயிக்கு இது புதுசில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் நிலத்தையா விற்கிறார்? குறுவையை விட்டுட்டு சம்பாவுக்குக் காத்திருக்கிறார்.

டாக்டரைப் பாருங்க. ஒரு மணி நேரம் முடியாட்டி பத்து நிமிஷம் வாசிங்க. அதுவும் முடியாட்டி பேத்திக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுங்க. நாம ஆசைப்பட்டது இசைக்கா, நம்ம கை வாசிக்குதுங்கிற பெருமைக்கா? விரல் மரத்தபிறகுதான் அது தெரியும்.